படுத்தால் உயர்வு, நின்றால் சரிவு: ஐந்து நிமிடப் பதிவில் ஒரு ரப்பர் வெட்டுத் தொழிலாளியின் இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும்

குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், திருவட்டாறு வட்டாரத்து மலையடிவாரக் கிராமம் ஒன்றில் ரப்பர் பால் வெட்டும் 61 வயதுத் தொழிலாளி ஒருவர், ‘பிரஷர் நிலையாக இல்லை; துடிப்பு, அழுத்தம் இரண்டின் மாறுபாட்டையும் குறுகிய பதிவில் அளந்து சொல்லவும்’ என்ற சீட்டுடன் எங்கள் உடலியங்கியல் கூடத்துக்கு அனுப்பப்பட்டார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை இங்கே தரவில்லை. சீட்டில் இருந்ததைவிட அவர் சொன்னது தெளிவாக இருந்தது: “குனிஞ்சு வெட்டிட்டு நிமிந்தா தலை கறங்குது சாரே. கண்ணு ரெண்டும் இருட்டிட்டு வருது. மரத்தப் பிடிச்சிட்டுக் கொஞ்ச நேரம் நிப்பேன்.” முந்தைய மழைக்காலத்துக்குப் பின் இரண்டு முறை விழுந்திருக்கிறார். ஒரு முறை வெட்டுக்கத்தி முன்கையைக் கிழித்துத் தையல் போட வேண்டியதாயிற்று.

அவருடைய வேலையைத் தெரிந்துகொள்ளாமல் இந்த நோயைப் புரிந்துகொள்ள முடியாது. விடியுமுன் ஒரு டம்ளர் கட்டன் சாயாவை (பால் சேர்க்காத தேநீர்) குடித்துவிட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்குகிறார். தாழ்ந்த வெட்டுப்பட்டை உள்ள மரத்தில் குனிந்து பட்டையைச் சீவி, பால் வடியும் கோட்டைச் சரிபார்த்து, சிரட்டையை நேராக்கி, நிமிர்ந்து, சரிவில் ஏறி அடுத்த மரத்துக்குப் போகிறார். இது ஒரு காலைப்பொழுதில் நூற்றுக்கணக்கான முறை நடக்கிறது. படுக்கையிலிருந்து எழுப்பி நிறுத்தி நாங்கள் ஒரே ஒரு முறை செய்யும் சோதனைக்கு நெருங்கிய ஒன்றை, வெறும் வயிற்றில், வேர்வை வழியும் உடலோடு அவர் நாள்தோறும் செய்துகொண்டிருந்தார்.

16 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1சி அளவு 9.1 விழுக்காடு. இரண்டு பாதங்களிலும் எரிச்சலும் மரத்துப்போன உணர்வும் உண்டு. கண் விழித்திரைப் பாதிப்புக்கு லேசர் சிகிச்சை எடுத்தவர். மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு ஆகியவற்றுடன் அழுத்தத்துக்கு அம்லோடிபின் 10 மி.கி., டெல்மிசார்டான் 40 மி.கி., சிறுநீர் தடைப்படுவதற்கு இரவில் டாம்சுலோசின் ஆகியவற்றைச் சாப்பிட்டு வந்தார். இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா தடுப்பு மாத்திரை எதுவும் இல்லை. இதைக் குறித்துக்கொள்வது முக்கியம், ஏனெனில் அந்த மாத்திரை துடிப்பின் மாறுபாட்டையே மாற்றிவிடும். இரத்தசோகை இல்லை. எக்கோவில் இதயத்தின் சுருங்கு திறன் இயல்பாக இருந்தது.

அவர் கொண்டுவந்த நோட்டில் பல இடங்களில் எடுத்த அழுத்த அளவுகள் இருந்தன. 176/94, 122/76, 168/90, 110/70 என்று எண்கள் தாவின. எந்த எண்ணுக்கும் பக்கத்தில் அவர் படுத்திருந்தாரா, உட்கார்ந்திருந்தாரா, வரிசையில் அரைமணி நேரம் நின்றுவிட்டு வந்தாரா என்ற குறிப்பு இல்லை. உயர்ந்த எண் வந்தபோதெல்லாம் மாத்திரை ஒரு படி கூடியிருந்தது. அம்லோடிபின் 5 மி.கி.யிலிருந்து 10 மி.கி. ஆன மாதத்தில்தான் முதல் முறை விழுந்திருக்கிறார்.

இதற்கு நேர் எதிரான இன்னொரு எண்ணும் அவரிடம் இருந்தது. வளைகுடா நாட்டில் செவிலியராக வேலை செய்யும் மகள் வாங்கிக் கொடுத்த கைக்கடிகாரம், அவருடைய துடிப்பு இடைவெளி மாறுபாட்டை 60 முதல் 70 மில்லி வினாடி வரை காட்டி, பச்சை நிறத்தில் ‘நல்லது’ என்றது. துடிப்பில் மாறுபாடு அதிகமாக இருப்பது நல்ல அறிகுறி என்பது பொதுவாகச் சரியே. மூச்சை இழுக்கும்போது துடிப்பு சற்று விரைவதும், விடும்போது தணிவதும், இதயத்தைத் தணிக்கும் வேகஸ் நரம்பு உயிர்ப்புடன் இருப்பதன் அடையாளம். ஆனால் இந்த எண் சரியென்றால், 16 ஆண்டு சர்க்கரை நோய் அவருடைய இதய நரம்புகளைத் தொடவே இல்லை என்றாகும். நிமிர்ந்தால் கண் இருட்டும் ஒருவரிடம் அதை ஏற்பது கடினம்.

துடிப்பின் மாறுபாடும் அழுத்தத்தின் மாறுபாடும் ஒரே பொருளைக் குறிப்பதில்லை. ஆரோக்கியமான உடலில் முதலாவது கூடுதலாக இருப்பதால்தான் இரண்டாவது குறைவாக இருக்கிறது. நாம் எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கும் மேற்பட்ட இரத்தம் கால்களுக்கும் வயிற்றுப் பகுதிக்கும் இறங்குகிறது. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் உள்ள அழுத்த உணரிகள் அதைச் சில துடிப்புகளுக்குள் உணர்ந்து, மூளைத்தண்டின் வழியாக இதயத்தை விரைவுபடுத்தி, இரத்தக் குழாய்களைச் சுருக்குகின்றன. துடிப்பு அசைந்துகொடுக்கிறது, அழுத்தம் நிலைத்து நிற்கிறது. இந்த நரம்பு வழி சிதைந்தால் துடிப்பு கடிகாரம்போல் ஒரே சீராகி, அழுத்தம் கிடந்த நிலைக்கேற்ப ஏறி இறங்கும். ஆகவே இவரிடம் நாங்கள் தேடியது இரண்டு தனித்தனி எண்களை அல்ல, அவற்றுக்கு இடையிலான இந்த உறவை.

பதிவுக்கு முன்

ஐரோப்பிய இதயவியல் சங்கமும் வட அமெரிக்க இதய முடுக்கி, மின்னுடலியங்கியல் சங்கமும் இணைந்து 1996இல் வெளியிட்ட நெறிமுறை, குறுகிய பதிவுக்கு 5 நிமிடம் என்ற அளவை நிலைநிறுத்தியது. இதற்குக் காரணம் உண்டு. துடிப்பின் தாழ் அதிர்வெண் அலைகள் 0.04 முதல் 0.15 ஹெர்ட்ஸ் வரையிலும், மூச்சோடு இணைந்த உயர் அதிர்வெண் அலைகள் 0.15 முதல் 0.4 ஹெர்ட்ஸ் வரையிலும் இருக்கின்றன. 0.04 ஹெர்ட்ஸ் அலை ஒருமுறை ஏறி இறங்க 25 வினாடி ஆகும். 5 நிமிடத்தில் அது 12 முறைதான் வரும். அதைவிட மெதுவான அலைகளைப் பற்றி 5 நிமிடப் பதிவிலிருந்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. அடுத்தடுத்த துடிப்புகளின் வேறுபாட்டை மட்டும் கணக்கிடும் ஆர்.எம்.எஸ்.எஸ்.டி. என்ற அளவுக்கு மட்டும், பதிவு சுத்தமாக இருந்தால், ஒரு நிமிடமே பெரும்பாலும் போதும்.

24 மணி நேரப் பதிவுக்கு வகுத்த எல்லைகளைக் குறுகிய பதிவில் போட்டுப் பார்ப்பது இன்றும் அடிக்கடி நடக்கிறது. மாரடைப்புக்குப் பிந்தைய நோயாளிகளிடம், எல்லா இயல்பான துடிப்பு இடைவெளிகளின் ஒட்டுமொத்தச் சிதறலைச் சொல்லும் எஸ்.டி.என்.என். 50 மில்லி வினாடிக்குக் கீழே இருப்பது ஆபத்து என்பது முழுநாள் பதிவுக்கான எல்லை. 5 நிமிடம் அசையாமல் படுத்திருக்கும் நல்ல உடல்நலமுள்ள முதியவருக்கே அதற்குக் குறைவாக வரலாம். அறிக்கையில் பதிவின் நீளத்தை எழுதாமல் எண்ணை மட்டும் எழுதுவது, அளவுகோலைச் சொல்லாமல் நிலத்தை அளந்து கொடுப்பதற்கு ஒப்பாகும்.

முதல் நாள் காலையிலேயே வேலைக்குப் போய்விட்டு வந்திருந்ததால், வெட்டு இல்லாத ஒரு நாளில் வரச் சொன்னோம். கட்டன் சாயாவும் பீடியும் வேண்டாம், லேசான உணவு சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வரவும் என்று கேட்டுக்கொண்டோம். மாத்திரைகளை நிறுத்தச் சொல்லவில்லை, ஏனெனில் அவர் எந்த நிலையில் விழுகிறாரோ அந்த நிலையைத்தான் அளக்க வேண்டியிருந்தது. படுப்பதற்கு முன் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொன்னோம். நிறைந்த சிறுநீர்ப்பை அழுத்தத்தை உயர்த்தும் என்பதால், சிறுநீர் தடைப்படும் முதியவர்களிடம் இதை விட்டுவிடக் கூடாது. 20 நிமிடம் படுக்க வைத்த பிறகு, நெஞ்சில் மூச்சுப் பட்டையும் இ.சி.ஜி. மின்முனைகளும் பொருத்தி, வினாடிக்கு 1,000 மாதிரிகள் என்ற வீதத்தில் பதிவு தொடங்கியது. இந்த வீதம் இங்கே வீண் ஆடம்பரம் இல்லை. வினாடிக்கு 128 மாதிரிகள் மட்டும் எடுக்கும் கருவியில் ஒவ்வொரு துடிப்பின் நேரமும் ஏறத்தாழ 8 மில்லி வினாடிப் படிகளில்தான் பதிவாகும். நாம் தேடும் மாறுபாடே 6 மில்லி வினாடியாக இருந்தால், அது கருவியின் படிக்குள்ளேயே மறைந்துவிடும்.

பதிவு தொடங்கிய சிறிது நேரத்திலேயே மூச்சுக் கோடு நீண்டு மெதுவானது. பார்த்தபோது அவருடைய உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. மனத்துக்குள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். ஜெபமாலையும் மந்திரமும் சொல்லும்போது மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 முறையாகக் குறைந்து, துடிப்பின் தாழ் அதிர்வெண் அலை பெருகுவதை 2001இல் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வு காட்டியிருக்கிறது. நிமிடத்துக்கு 6 மூச்சு என்றால் 0.1 ஹெர்ட்ஸ். அப்போது மூச்சின் அலை முழுவதும் உயர் அதிர்வெண் பகுதியை விட்டுத் தாழ் அதிர்வெண் பகுதிக்குள் விழுந்துவிடும். மூச்சைப் பதிவு செய்யாமல் துடிப்பை மட்டும் பதிவு செய்திருந்தால் கணினி இதைக் கவனித்திருக்காது. “ஜெபத்த முடிச்சிடுங்கண்ணே, பொறவு ஆரம்பிக்கலாம்” என்று உதவியாளர் சொல்ல, அவர் முடித்துக்கொண்டார். மூச்சு நிமிடத்துக்கு 14 என்ற இயல்பான வீதத்துக்குத் திரும்பிய பிறகு புதிதாக 5 நிமிடம் எடுத்தோம்.

எட்டு முந்து துடிப்புகள்

அந்த 5 நிமிடத்தில் சராசரி துடிப்பு நிமிடத்துக்கு 94, அதாவது இடைவெளி 638 மில்லி வினாடி. நன்றாக ஓய்வெடுத்த ஒருவருக்கு இது அதிகம். ஏறத்தாழ 470 துடிப்புகளுள் 8 துடிப்புகள் இதயக் கீழறையிலிருந்து முன்கூட்டியே கிளம்பியவை. இப்படிப்பட்ட முந்து துடிப்புகள் பலருக்கும் வருபவை, இந்த எண்ணிக்கையில் தம்மளவில் பெரிய கவலைக்குரியவை அல்ல. ஆனால் மாறுபாட்டுக் கணக்கில் அவை செய்யும் குழப்பம் மிகப் பெரிது.

கணக்கை இங்கேயே காட்டிவிடலாம். முந்து துடிப்பு வரும்போது இடைவெளி 638இலிருந்து சுமார் 430 மில்லி வினாடியாகச் சுருங்குகிறது. அடுத்து ஓர் ஈடுசெய் இடைவேளை வந்து 846 ஆக நீள்கிறது. பிறகு மீண்டும் 638. அடுத்தடுத்த வேறுபாடுகள் 208, 416, 208. இவற்றை வர்க்கமாக்கிக் கூட்டினால் ஒரு முந்து துடிப்புக்கு ஏறத்தாழ 2,60,000 வருகிறது. எட்டுக்கும் சேர்த்து 469 வேறுபாடுகளுக்குப் பகிர்ந்து வர்க்கமூலம் எடுத்தால் ஆர்.எம்.எஸ்.எஸ்.டி. 67 மில்லி வினாடி. கைக்கடிகாரம் பச்சை நிறத்தில் காட்டிய எண் கிட்டத்தட்ட இதுவே. முந்து துடிப்புகளையும் அவற்றை ஒட்டிய இடைவெளிகளையும் நீக்கிவிட்டு, இயல்பான துடிப்புகளுக்கு இடையில் மட்டும் கணக்கிட்டபோது அது 6 மில்லி வினாடியாகச் சரிந்தது. எஸ்.டி.என்.என். 40இலிருந்து 10க்கு வந்தது. முந்து துடிப்பே இல்லாத ஒரு நிமிடத்துக்குச் சற்று மேற்பட்ட தொடர்ச்சியைத் தனியாக எடுத்துப் பார்த்தோம். அதிலும் 6தான்.

இ.சி.ஜி. கோட்டைக் கண்ணால் பார்க்காமல் மென்பொருள் தரும் எண்ணை அறிக்கையில் எழுதுவது ஏன் தவறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. நூற்றுக்கு இரண்டுகூட இல்லாத துடிப்புகள், அடங்கிப்போன ஒரு நரம்பை உயிர்ப்புள்ள நரம்பாகக் காட்டிவிட்டன. கடிகாரத்தின் மீது குற்றம் சொல்லவும் இல்லை. மணிக்கட்டில் ஒளியைப் பாய்ச்சி நாடி அலையின் உச்சியைத் தேடும் கருவிக்கு, முன்கூட்டி வந்த மெலிந்த அலையையும் அடுத்து வந்த பெரிய அலையையும் வேறு பிறவி என்று பிரித்தறிவது எளிதல்ல. மகள் அக்கறையோடு வாங்கிக் கொடுத்ததை அவர் கழற்றி வைக்க வேண்டியதுமில்லை. அந்த எண்ணை வைத்து முடிவெடுக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னோம்.

மென்பொருள், தாழ் மற்றும் உயர் அதிர்வெண் திறன்களின் விகிதத்தையும் தந்தது. அதை நாங்கள் அறிக்கையில் சேர்க்கவில்லை. மொத்தத் திறனே இவ்வளவு தேய்ந்திருக்கும்போது, இரண்டு மிகச் சிறிய எண்களை வகுத்து வரும் விகிதத்துக்குப் பொருள் இல்லை. அந்த விகிதத்தை, இதயத்தை விரைவுபடுத்தும் நரம்புக்கும் தணிக்கும் நரம்புக்கும் இடையிலான, ‘பரிவு நரம்புக்கும் துணைப்பரிவு நரம்புக்கும் உள்ள சமநிலை’ என்று எழுதும் வழக்கத்தையே கைவிட வேண்டும் என்பது என் கருத்து. தாழ் அதிர்வெண் அலையில் வேகஸ் நரம்பின் பங்கும் அழுத்த உணரி அனிச்சையின் பங்கும் கலந்தே இருக்கின்றன.

அடுத்து, எடின்பரோவில் யூயிங், கிளார்க் ஆகியோர் வகுத்த படுக்கையோரச் சோதனைகள். நிமிடத்துக்கு 6 முறை ஆழ்ந்து மூச்சு விடச் செய்து, துடிப்பின் உச்சத்துக்கும் தாழ்வுக்கும் உள்ள வித்தியாசத்தை அளந்தோம். 15க்கு மேல் இருப்பது இயல்பு, 10 அல்லது அதற்குக் கீழ் என்றால் பாதிப்பு. இவருக்கு 3. எழுந்து நின்றபின் 30ஆவது, 15ஆவது துடிப்பு இடைவெளிகளின் விகிதம் 1.04க்குக் குறையக் கூடாது, இவருக்கு 1.00. மூச்சை அடக்கி ஊதும் சோதனையைச் செய்யவில்லை. லேசர் சிகிச்சை பெற்ற விழித்திரையில் இரத்தக் கசிவை அது தூண்டக்கூடும்.

அழுத்தம்

துடிப்புக்குத் துடிப்பு அழுத்தத்தை அளக்க, செக் நாட்டு உடலியங்கியலாளர் யான் பெனாஸ் 1973இல் அறிமுகப்படுத்திய விரல் பட்டை முறையில் இயங்கும் கருவி வேண்டும். விரல் தமனியின் கொள்ளளவை ஒளியால் கண்காணித்து, அது மாறாதபடி பட்டையின் காற்றழுத்தத்தை நொடிக்கு நொடி மாற்றும் நுட்பம் அது. எங்களிடம் அது இல்லை. மேற்கையில் கட்டும் தானியங்கிப் பட்டையை நிமிடத்துக்கு ஒருமுறை இயக்கினோம். அந்தப் பட்டை ஓர் அளவை எடுத்து முடிக்க அரை நிமிடம் ஆகிறது. அதற்குள் ஏழெட்டு மூச்சு கடந்துவிடும், மேல் அழுத்தமும் கீழ் அழுத்தமும் வெவ்வேறு துடிப்புகளிலிருந்து கணிக்கப்படும். எனவே அந்த எண்களைக் கொண்டு மூச்சோடு வரும் அலையையோ 10 வினாடிக்கு ஒருமுறை அழுத்தத்தில் வரும் மேயர் அலையையோ பேச முடியாது. உடல் நிலை மாறும்போது என்ன நடக்கிறது என்பதை மட்டும் தாராளமாகப் பேசலாம், இவரிடம் கேள்வியும் அதுதான்.

படுத்த நிலையில் 172/92. நின்ற ஒரு நிமிடத்தில் 128/78, மூன்றாவது நிமிடத்தில் 118/74. முன்கையைத் தாங்கி, பட்டை இதய மட்டத்தில் இருக்குமாறு பார்த்துக்கொண்டே இந்த அளவுகள் எடுக்கப்பட்டன, ஏனெனில் தொங்கும் கையில் அழுத்தம் பொய்யாக உயர்ந்து காட்டும். ஐந்து நிமிடம் நிறுத்தத் திட்டமிட்டிருந்தோம். மூன்றாவது நிமிடத்தில் முகம் வெளுத்து, “இருட்டிட்டு வருது” என்றதும் படுக்க வைத்துவிட்டோம்.

மூன்று நிமிடத்துக்குள் மேல் அழுத்தம் 20 அல்லது கீழ் அழுத்தம் 10 மி.மீ. இறங்கினாலே நிலைசார் அழுத்தச் சரிவு என்பர். படுத்த அழுத்தம் உயர்ந்திருப்பவருக்கு 30 வரை இடம் கொடுப்பர். இவருக்கு இறங்கியது 54. அதைவிடச் சொல்லுகிற எண் துடிப்பினுடையது: 94இலிருந்து 97. நீர் வற்றியோ மாத்திரையால் மட்டுமோ அழுத்தம் சரியும் ஒருவருக்கு இதயம் ஓடி ஈடுகட்டப் பார்க்கும். சரிந்த ஒவ்வொரு மி.மீ.க்கும் துடிப்பு அரையளவுகூட ஏறாவிட்டால் காரணம் நரம்பில் இருக்கிறது என்று கொள்ளலாம். இங்கே அது 3ஐ 54ஆல் வகுத்து 0.06 கூட இல்லை.

24 மணி நேர அழுத்தக் கருவி இதை உறுதிசெய்தது. வழக்கமாக இரவில் அழுத்தம் 10 முதல் 20 விழுக்காடு தணியும். இவருக்குப் பகல் சராசரி 132, இரவுச் சராசரி 158. மதியம் சோறும் மரச்சீனியும் மீன்குழம்புமாக வயிறு நிறையச் சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில், உட்கார்ந்த நிலையிலேயே 104/66. ‘ஏறி இறங்கும் பிரஷர்’ தற்செயலாக ஏறி இறங்கவில்லை. படுத்தால் ஏறியது, நின்றாலும் உண்டாலும் இறங்கியது. நோட்டில் இருந்த ஒவ்வோர் எண்ணும் சரியான எண்ணாகவே இருந்திருக்க வேண்டும்.

சிகிச்சையும் பின்தொடர்வும்

முடிவு: சர்க்கரை நோயால் வந்த இதயத் தன்னியக்க நரம்புச் சிதைவு (துடிப்பையும் அழுத்தத்தையும் நாம் அறியாமலே நடத்தும் நரம்புகளின் சிதைவு), முற்றிய நிலை. மாத்திரைகள் அதைத் தீவிரமாக்கியிருந்தன. அனுப்பிய மருத்துவர் அம்லோடிபினையும் டெல்மிசார்டானையும் நிறுத்தி, சிறுநீரகச் செயல்பாட்டையும் பொட்டாசியத்தையும் பார்த்துவிட்டு, படுக்கும் வேளையில் மட்டும் லோசார்டான் 50 மி.கி. கொடுத்தார். சிறுநீரக மருத்துவரின் ஒப்புதலோடு, நிற்கும்போது அழுத்தத்தைக் குறைக்கக்கூடிய டாம்சுலோசின் மாற்றப்பட்டது. கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்குக் கீழே தென்னந்தடித் துண்டுகளை வைத்து ஏறத்தாழ முக்கால் அடி உயர்த்தினார்கள். இது இரவில் ஏறும் அழுத்தத்தைத் தணித்து, விடியுமுன் சிறுநீராக உப்பும் நீரும் வெளியேறுவதையும் குறைக்கும். தோட்டத்துக்குப் போகுமுன் அரை லிட்டர் தண்ணீரை ஒரே மூச்சில் என்ற அளவில் வேகமாகக் குடிக்க வேண்டும், கட்டன் சாயா அதற்குப் பிறகு. தன்னியக்க நரம்பு சிதைந்தவர்களிடம் வெறும் தண்ணீரே அரைமணி நேரத்துக்குள் அழுத்தத்தைக் கணிசமாக உயர்த்துவது நன்கு அறியப்பட்ட உண்மை. மதியச் சோற்றை இரண்டு வேளையாகப் பிரித்தார்கள். உப்பைக் கூட்டவில்லை, உப்பை உடலில் தேக்கும் ஃபுளூட்ரோகார்டிசோனும் கொடுக்கவில்லை. படுத்த நிலையில் 170ஐத் தாண்டும் ஒருவருக்கு அவை தீங்காகலாம். சர்க்கரையை மெதுவாகக் குறைப்பது என்று முடிவாயிற்று.

தாழ்ந்த பட்டை உள்ள மரங்களை மகன் எடுத்துக்கொள்ள, இடுப்புயரத்தில் வெட்டுள்ள மரங்களை மட்டும் இவர் பார்க்கிறார். ஏணி வைத்து வெட்டும் மரங்களுக்குப் போவதில்லை. நிமிர்ந்ததும் நடக்காமல், கெண்டைக்கால் தசையை இறுக்கித் தளர்த்திவிட்டு நகரச் சொல்லிக் கொடுத்தோம்.

மூன்று மாதம் கழித்து அதே நேரத்தில், அதே நிபந்தனைகளில் எடுத்த பதிவில் படுத்த அழுத்தம் 158/88, நின்ற மூன்றாவது நிமிடத்தில் 126/76. சரிவு 54இலிருந்து 32 ஆகியிருந்தது, கண் இருட்டவில்லை, இடையில் விழவும் இல்லை. ஆர்.எம்.எஸ்.எஸ்.டி. 7 மில்லி வினாடி. 6க்கும் 7க்கும் உள்ள வித்தியாசத்தை முன்னேற்றம் என்று நாங்கள் எழுதவில்லை. நரம்பு மீளவில்லை, அதன் குறையைச் சுற்றி வாழ்க்கை ஒழுங்குபட்டது. முதல் வகைச் சர்க்கரை நோயில் தொடக்கத்திலிருந்தே கட்டுப்பாட்டை இறுக்கிப் பிடித்தால் இந்த நரம்புச் சிதைவு குறைவதை டி.சி.சி.டி. என்ற பெரிய சர்க்கரைக் கட்டுப்பாட்டு ஆய்வு காட்டியது. 16 ஆண்டு கழிந்த இரண்டாம் வகை நோயாளியிடம் அந்த அளவு பலனை எதிர்பார்க்க முடியாது. அதனால்தான் பாதத்தில் எரிச்சல் தொடங்கிய நாளிலேயே ஒரு நிமிட ஆழ்மூச்சுச் சோதனையும், படுத்தும் நின்றும் எடுக்கும் அழுத்தமும் வட்டார மருத்துவமனைகளில் வழக்கமாக வேண்டும் என்று வலியுறுத்துகிறேன். இரண்டுக்கும் ஓர் இ.சி.ஜி. கருவியும் ஒரு பட்டையும் போதும்.

இதயத் தசைக்கு இரத்தம் குறைந்தாலும் இவருக்கு நெஞ்சுவலி தெரியாமல் போகலாம் என்பதால் இதய மருத்துவரின் கண்காணிப்பு தொடர்கிறது. சிறுநீர்த் தடைக்குப் புராஸ்டேட் அறுவை தேவைப்படலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். முதுகுத்தண்டில் மயக்கமருந்து செலுத்தும்போது அழுத்தம் திடீரெனச் சரியும், இவருடைய இதயம் அதற்கு ஈடுகொடுக்காது. எனவே படுத்த, நின்ற அளவுகளையும், துடிப்பு ஏறாத தன்மையையும், முந்து துடிப்புகளை நீக்கிய மாறுபாட்டு எண்களையும், அவை எந்த நிலையில், எத்தனை நிமிடத்தில், எந்த மூச்சு வீதத்தில் எடுக்கப்பட்டவை என்பதையும் குறித்து மயக்கவியல் மருத்துவருக்கு ஒரு கடிதம் எழுதி, நகலை அவர் கையிலேயே கொடுத்திருக்கிறோம்.